‘ரான்ஸ்மிஷன் போச்சு’ எண்டு சொல்ல முதல்

(சங்கத்தின் பங்குனி மாதக் கூட்டத்தில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னர் பேசியவர் பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றி வடிவாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு கியர்பொக்ஸ் ஒயிலைப் பற்றிக் கேட்கவேண்டி வந்தது உங்கள் தலைவிதி. “வருஷப்பிறப்புக்கு முதல் ஒருக்கால் கார் விஷயமும் பேசுங்கோ, கனபேர் கேக்கினம்” என்று செயலாளர் சொன்னபடியால்தான் இந்த இடத்தில் நிற்கிறேன்.

கேட்கிறார்கள் என்பது உண்மைதான். கேட்கிற விதமும் ஒரே மாதிரித்தான். தொலைபேசி அடிக்கும். “அண்ணை, என்ரை காருக்கு ரான்ஸ்மிஷன் போச்சுதாம்” என்பார்கள். ‘போச்சு’ என்று யாரும் சொல்வதில்லை, ‘போச்சுதாம்’. யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் காருக்குக் கீழே குனிந்து பார்த்தாரா, ஒயில் பார்த்தாரா, கொம்பியூட்டர் கொளுவிப் பார்த்தாரா என்று திருப்பிக் கேட்டால் அரைவாசிப் பேரிடம் மறுமொழி இல்லை. விலை மட்டும் சொல்லப்பட்டிருக்கும். 3,000 டொலர், 4,000 டொலர். அந்த விலைக்கு அந்தக் காரே வராது. அது ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்ப வைத்த காசு, அல்லது பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்த காசு. கார் இல்லாமலும் முடியாது. சென் லோறன் பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து மெற்றோ ஓடாத நேரத்தில் வெளியில் வருகிறவருக்கு, மைனஸ் இருபதில், நடந்து போங்கோ என்றா சொல்வது?

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரு விஷயம்தான். கியர்பொக்ஸைக் கழற்றிப் பிரித்துப் பூட்டுவது வீட்டு வேலையல்ல. ஆனால் அதைக் கழற்றத்தான் வேண்டுமா என்று கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது. அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு பழந்துணி, ஒரு ரோச் லைற், ஒரு காட்போட் மட்டை, கொஞ்சம் பொறுமை. மிச்சத்தைச் சொல்லுறன்.

எங்களில் வயதானவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று ஓடின காருகளை நினைத்துப் பாருங்கள். 1960களிலும் 70களிலும் இலங்கையில் வாகன இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டால் ஒரு காரை முப்பது, நாற்பது வருஷம் ஓட்டவேண்டி இருந்தது. 1990 இல் யுத்தம் திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்து, பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காமல் போனபோது, அதே காருகளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் துளிப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். புகையும் மணமும் இன்னும் மூக்கில் நிற்கிறது. அந்த மெக்கானிக்மாருக்கு ஒரு கருவியும் கிடையாது. ஸ்குறூ டிறைவரின் முனையை கியர்பொக்ஸில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். “மூண்டாம் பல்லுச் சத்தம் போடுது” என்று சொல்வார்கள். கழற்றினால் அது மூன்றாம் பல்லாகத்தான் இருக்கும்.

அந்தக் கியர்பொக்ஸ் கையால் மாற்றுகிற கியர்பொக்ஸ். பல்லும் பல்லும் நேரே கொளுவும். பழுது வந்தால் சத்தத்தில் தெரியும், கையில் தெரியும். இங்கே நாங்கள் ஓடுவது ஓட்டோமற்றிக். இதில் வேலையைச் செய்கிறது ஒயில். இது விளங்கினால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இரண்டு மேசை ஃபானை முகத்துக்கு முகம் வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். போடாத மற்றதும் அந்தக் காற்றில் மெல்லச் சுற்றத் தொடங்கும். ரோர்க் கொன்வேட்டர் என்கிற சாமான் அதேதான். காற்றுக்குப் பதிலாக ஒயில். எஞ்சின் பக்கத்து ஃபான் ஒயிலைத் தள்ள, கியர்பொக்ஸ் பக்கத்து ஃபான் சுற்றும். அதனால்தான் சிவப்பு லைற்றில் கார் நிற்கும்போது எஞ்சின் நிற்பதில்லை. அதற்குப் பின்னால் வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒவ்வொரு கியருக்கும் இன்னின்ன அடுக்கு என்று. அந்தத் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும் ஒயிலின் அழுத்தம்தான். சூட்டைக் கொண்டுபோய் வெளியே விடுவதும் அதே ஒயில். ஒயில் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் எரியும். எரிந்த தட்டுக்குத்தான் அந்த 4,000 டொலர்.

இதிலே எங்கள் கனடாவுக்கும் ஒரு பங்கு உண்டு. ரெஜைனாவைச் சேர்ந்த அல்பிரட் ஹோர்னர் மன்றோ என்பவர் 1921 இலேயே தானாகக் கியர் மாறுகிற பொறி ஒன்றை வடிவமைத்தார். அவர் ஒயிலுக்குப் பதிலாக அழுத்தக் காற்றைப் பாவித்தார். வலு போதாமல் அது சந்தைக்கு வரவில்லை. ஒயிலால் வேலை செய்கிற ஹைட்ரமற்றிக்கை ஜெனரல் மோட்டர்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் போட்ட பிறகுதான் உலகம் இதன் பக்கம் திரும்பியது. காற்றுத் தோற்ற இடத்தில் ஒயில் வென்றது.

சரி, இனி வாசலுக்கு வருவோம்.

முதல் வேலை ஒயில் பார்ப்பது. எஞ்சின் ஒயிலை எல்லோரும் பார்க்கிறோம். கியர்பொக்ஸ் ஒயிலை, கார் வாங்கின நாள் தொடக்கம் ஒருநாளும் பார்க்காதவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். பழைய காருகளில் இதற்கும் தனியாக ஒரு டிப்ஸ்ரிக் இருக்கும். பதினைந்து, இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு, சமதரையில் நிறுத்துங்கள். கோற் டே நெஜ் ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். பிறேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லாக் கியருக்கும் ஒருதரம் கொண்டுபோய், பிறகு ‘பி’ இல் விடுங்கள். பெரும்பாலான காருகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்ரிக்கை இழுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார்க்கவேண்டும். ஹொண்டாவில் பலதுக்கு மாறி: எஞ்சினை நிற்பாட்டி, ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். உங்கள் காருக்கு எது என்று கையேட்டில் இருக்கும். கையேடு தொலைந்துவிட்டது என்றால் அநேகமாகக் கொம்பனியின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

புதிய காருகள் பலதில் இந்த டிப்ஸ்ரிக்கே கிடையாது. காரை உயர்த்தி, ஒயிலை ஒரு குறிப்பிட்ட சூட்டில் வைத்து, கீழே உள்ள ஒரு போல்ற்றைக் கழற்றி, வழிகிறதா என்று பார்க்கவேண்டும். அப்படியானதை வீட்டில் தொடாதீர்கள். ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஒயில்’ என்று சில விளம்பரங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. யாருடைய ஆயுள் என்று அவர்கள் சொல்வதில்லை.

டிப்ஸ்ரிக்கில் வந்த ஒயிலை வெள்ளைத் துணியில் அல்லது ரிசுவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல ஒயில் பெரும்பாலும் சிவப்பு, தெளிவாக இருக்கும். ஓடி ஓடிக் கொஞ்சம் பழுப்பாக வருவது வயது, பயப்படத் தேவையில்லை. கறுத்து, சட்டி அடிப்பிடித்த மணம் வந்தால் உள்ளே தட்டு எரிந்திருக்கிறது. ஸ்ட்ரோபெரிப் பால் மாதிரி இளஞ்சிவப்பாய்க் கலங்கி இருந்தால், றேடியேட்டருக்குள் தண்ணீரும் ஒயிலும் கலந்துவிட்டது. அந்தக் காரை அதற்கு மேல் ஒரு கிலோமீற்றரும் ஓட்டக்கூடாது. தட்டுகளில் ஒட்டியிருக்கிற கடதாசி போன்ற பூச்சு தண்ணீர் பட்டால் கழன்றுவிடும். ஒயில் குறைவாக இருந்து நிறம் நன்றாக இருந்தால், அது நல்ல செய்தி. சரியான ஒயிலை நீண்ட குழாய்ப் புனலால் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பல காருகளில் இரண்டு கோட்டுக்கும் இடையில் அரை லீற்றர் அளவுதான். ‘கிடக்கட்டும்’ எண்டு ஒரு போத்தலை முழுதாய் ஊத்தினால் உள்ளே நுரைக்கும். நுரையில் அழுத்தம் இராது, பிறகு அதே வழுக்கல்தான்.

‘சரியான ஒயில்’ என்றேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். டெக்ஸ்ரன், மேர்க்கொன், ரொயோற்றாவின் டபிள்யூ.எஸ்., ஹொண்டாவின் டி.டபிள்யூ. 1 என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலவை. தட்டு எவ்வளவு வழுக்கவேண்டும், எவ்வளவு பிடிக்கவேண்டும் என்பதே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. 1970களின் தொடக்கம் வரைக்கும் இந்தப் பிடிமானத்துக்காகத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தைப் பாதுகாக்கச் சட்டம் போட்ட பிறகுதான் வேறு கலவை தேடினார்கள். இப்போது சி.வி.ரி. என்று பல்லுக்குப் பதிலாக உருக்குப் பட்டியில் ஓடுகிற கியர்பொக்ஸ் நிசானிலும் சுபாறுவிலும், பல ஹொண்டா, ரொயோற்றாக்களிலும் வருகிறது. அதற்கு அதற்கென்றே ஒயில். அதற்குள் சாதாரண ஒயிலை விட்டால் அந்தப் பட்டி வழுக்கிக் கியர்பொக்ஸ் கெதியாய்ச் செத்துப்போகும். கடைக்காரர் “எல்லாத்துக்கும் ஒத்துவரும்” என்று தருகிற போத்தலைவிட, கையேட்டில் எழுதியிருக்கிற பெயரை நம்புங்கள். ‘ஊத்தினால் உடனே சுகம்’ என்று விற்கிற மருந்துப் போத்தல்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஒயில் குறைந்திருந்தால் எங்கேயோ போயிருக்கவேண்டும். இரவில் காருக்குக் கீழே காட்போட் மட்டையை விரித்து, காலையில் பாருங்கள். நடுவில் சிவப்புச் சொட்டு இருந்தால் கியர்பொக்ஸ். பச்சை, செம்மஞ்சள் என்றால் றேடியேட்டர்த் தண்ணீர், சில காருகளுக்கு அதுவும் சிவப்பு. தொட்டுப் பார்த்தால் தண்ணீர் தண்ணீராகத்தான் இருக்கும், ஒயில் வழுக்கும். மொன்றியலில் இதற்கு முதற்குற்றவாளி றோட்டில் போடுகிற உப்பு. கியர்பொக்ஸிலிருந்து றேடியேட்டருக்கு ஒயில் போய்வருகிற இரும்புக் குழாய் இரண்டு இருக்கிறது. ஏழெட்டு மாரி கண்ட காரில் அது துருப்பிடித்து வியர்க்கத் தொடங்கும். குழாய் மாற்றுவது சில நூறு டொலர் வேலை. கவனிக்காமல் ஓடி ஒயில் எல்லாம் கொட்டுப்பட்டால்தான் ஆயிரக்கணக்கு. ஆகவே இந்தப் பங்குனி, சித்திரையில் பனி கரைந்தவுடன் காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணியடித்துக் கழுவுங்கள். வருஷப்பிறப்புக்குக் காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கிறோம்தானே. அன்றைக்கு அந்த மட்டையையும் ஒருக்கால் வையுங்கோ. தேசிக்காய்க்கு நான் எதிர்ப்பில்லை.

இப்போது ஒரு கதை. பார்க் எக்ஸ்ரென்ஷனில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. தை மாதத்தில் ஒரு நாள், பனி அள்ளுகிற நாள். செம்மஞ்சள் அறிவித்தல் போட்டாயிற்று, இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டு தெருமுனைக்கு வந்துவிட்டது. இவர் ஓடிப்போய் காரை ஸ்ராட் பண்ணுகிறார். எஞ்சின் ஓடுகிறது, லீவர் ‘பி’ இலிருந்து அசையவே இல்லை. இழுத்துப் பார்த்தார், அடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு இழுவை வண்டி பிடித்து ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அந்தக் கராஜ்காரர் பொன்னெற்றைக்கூடத் திறக்காமல் “ரான்ஸ்மிஷன், 3,600” என்றார். தம்பி பயந்துபோய் எனக்கு அடித்தார். நான் கேட்டது ஒரு கேள்விதான்: “பிறேக்கை மிதிக்கேக்கை பின்னுக்குச் சிவப்பு லைற் பத்துதோ?” பத்தவில்லை. 

விஷயம் இவ்வளவுதான். பிறேக்கை மிதித்தால்தான் லீவர் ‘பி’ இலிருந்து விடுபடும். சின்னப் பிள்ளைகள் தட்டிவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பிறேக் மிதிபட்டதைக் காருக்குச் சொல்வது பெடலுக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன சுவிச். பிறேக் லைற்றுக்கும் அதே சுவிச்தான். சுவிச்சோ ஃபியூஸோ போனால் லைற்றும் பத்தாது, லீவரும் அசையாது. அவருக்குச் சுவிச். சாமான் 25 டொலருக்குள். மாற்ற அரை மணித்தியாலம் எடுத்தது, அதிலும் பாதி நேரம் குளிரில் விறைத்த கையைச் சூடாக்கினது. அவசரத்துக்கு இன்னொன்றும் தெரிந்துவைத்திருங்கள்: அநேகமான காருகளில் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கிளப்பி உள்ளே ஸ்குறூ டிறைவரால் அமத்தினால் பூட்டு விடும். ஆனால் பிறேக் லைற் இல்லாமல் றோட்டில் ஓடாதீர்கள். பின்னால் வருகிறவனுக்கு உங்கள் அவசரம் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒரு வருத்தமும் உண்டு. லீவர் லேசாக எல்லா இடமும் போகும், கார் மட்டும் அசையாது, அல்லது ‘பி’ என்று காட்டும், கார் உருளும். லீவரையும் கியர்பொக்ஸையும் இணைக்கிற கேபிளின் நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வளையம் இருக்கும். அது உடைந்தால் இப்படித்தான். இந்த ஒரு வளையத்துக்காக ஃபோர்ட் கொம்பனி 2022 இல் அமெரிக்காவில் மாத்திரம் ஏறக்குறைய 29 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. அப்படித் திருப்பி அழைத்த காருக்கு வேலை இலவசம். ஆகவே யாரிடமும் காசு கொடுக்க முதல், றெஜிஸ்ரேஷனில் இருக்கிற 17 எழுத்து இலக்கத்தைக் கொம்பனியின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது டீலருக்கு அடித்துச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை காரை நிறுத்தும்போது ஹான்ட் பிறேக் போடாமல் இறங்கவேண்டாம்.

அடுத்தது கொம்பியூட்டர். டாஷ்போட்டில் எஞ்சின் லைற் எரியும், அல்லது ‘ஓ.டி. ஓஃப்’ என்பது கண்சிமிட்டும், கார் ஒரே கியரில், இரண்டிலோ மூன்றிலோ நின்றுகொண்டு மேலே போகாது. கனபேர் இதை ‘போச்சு’ என்று நினைக்கிறார்கள். உண்மையில் கார் தன்னைக் காப்பாற்றுகிறது. ஏதோ ஒரு தகவல் பிழையாக வருகிறது, ஆகவே வீடு போய்ச் சேருகிற அளவுக்கு ஒரு கியரை மட்டும் தந்துவிட்டு மற்றதைப் பூட்டிவிடுகிறது. அந்தத் தகவலை வாசிக்கிற சின்னக் கருவி இப்போது நாற்பது, ஐம்பது டொலருக்கு விற்கிறது. ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கிற சொக்கற்றில் கொளுவினால் ஒரு இலக்கம் சொல்லும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து இந்தச் சொக்கற் கட்டாயம். கனடாவில் ஓடுகிற காருகளிலும் 1990களின் கடைசிக்குள் வந்துவிட்டது.

பி 0700 என்று வந்தால் அது கோயில் மணி மாதிரி. பூசை நடக்கிறது என்று சொல்லும், என்ன பூசை என்று சொல்லாது. கூட இன்னொரு இலக்கம் இருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும். பி 0715, பி 0720 என்பவை சுற்றுகிற வேகத்தைப் பார்க்கிற சென்சர்கள் பற்றியது. பல காருகளில் அவை வெளியிலேயே பூட்டியிருக்கும், வயர் நுனியில் உப்புப் பிடித்துப் பச்சையாகியிருந்தால் துப்பரவாக்கினாலே போதும். பி 0750 சொலனொயிட் என்கிற ஒயில் வால்வு பற்றியது. பி 0740 ரோர்க் கொன்வேட்டரின் பூட்டு. பி 0730 வந்து, ஒயிலும் கறுத்திருந்தால், சரி, அப்போது உள்ளே வழுக்குகிறது என்று எடுக்கலாம். மலிவான கருவிகள் சில எஞ்சினை மட்டும் வாசிக்கும், கியர்பொக்ஸின் இலக்கத்தைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு முக்கிய விஷயம்: இலக்கம் பார்க்க முதல் பற்றறியைப் பாருங்கள். மைனஸ் இருபத்தைந்தில் பலவீனமான பற்றறி கொம்பியூட்டருக்குப் போதிய மின்சாரம் கொடுக்காது. அது இல்லாத வருத்தமெல்லாம் சொல்லும்.

கியர்பொக்ஸ் மாதிரி நடிக்கிற வேறு வருத்தங்களும் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் அது சில்லுக்குப் போகிற அச்சு மூட்டு. ‘டி’ இல் போடும்போது ‘டொம்’ என்று ஒரு இடி இடித்தால் எஞ்சினைத் தாங்குகிற றப்பர் பிய்ந்திருக்கலாம். வேகத்தோடு கூடிக்கொண்டு போகிற ஊளைச் சத்தம் கியரை ‘என்’ இல் விட்டாலும் மாறாவிட்டால் சில்லுப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஸ்பாக் பிளக் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் கார் நடுங்கும், அதையும் கியர்பொக்ஸின் தலையில் போடுவார்கள்.

அப்படியானால் உண்மையாகவே கியர்பொக்ஸ் வருத்தம் எப்படி இருக்கும்? எஞ்சின் சத்தம் ஏறும், கார் ஏறாது. காலையில் ‘டி’ இல் போட்டு மூன்று, நான்கு செக்கன் கழித்துத்தான் இழுக்கும். குளிரில் கொஞ்சம் பிந்துவது வழக்கம், சூடான பிறகும் பிந்தினால்தான் கணக்கு. முன்னுக்குப் போகும், றிவேர்ஸ் போகாது. அல்லது 60, 80 கிலோமீற்றர் வேகத்தில் கல்லு றோட்டில் போவதுபோல் ஒரு நடுக்கம் வந்து போகும். கடைசியாகச் சொன்ன நடுக்கத்துக்குச் சிலவேளை ஒயில் மாற்றினாலே சுகம் வரும். மற்றதுகளுக்கு வைத்தியர் தேவை. எப்போது வருகிறது, குளிரிலா சூட்டிலா, எந்தக் கியரில், எந்த வேகத்தில் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் துண்டைப் பார்த்து உங்களை மதிப்பார்.

ஒயில் மாற்றுவதை வீட்டில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். டிறெயின் போல்ற் உள்ள காரில் செய்யலாம். கீழே திறந்தால் மொத்தத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மீதி ரோர்க் கொன்வேட்டருக்குள் நிற்கும். ஆகவே வெளியே வந்ததை அளந்து, அதே அளவு புதியதை விட்டு, சில கிழமை ஓடி, திரும்பவும் ஒருதரம் மாற்றுவது நல்லது. தட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறக் களி மாதிரி இருப்பது வழக்கமான தேய்வு. கண்ணால் காணக்கூடிய உலோகத் துண்டு இருந்தால், மூடி வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஒருநாளும் ஒயில் மாற்றாமல் ஓடி ஏற்கெனவே வழுக்குகிற காருக்கு ஒயில் மாற்றினால் கூடிவிடும் என்று சொல்வார்கள். ஒயில் அதைக் கொல்வதில்லை, அது முதலே சாகக் கிடந்தது என்பது என் கருத்து. என்றாலும் அப்படியான காரில் மெஷின் போட்டு அழுத்தமாய்க் கழுவுவதை நான் சொல்லமாட்டேன். பழைய ஒயிலை மூடிய கானில் ஊத்தி எக்கோசென்ரருக்குக் கொண்டுபோனால் எடுத்துக்கொள்வார்கள். கானுக்குள்ளும் குப்பைக்குள்ளும் விடவேண்டாம். நான் முதல் சொன்ன கான் பிளாஸ்ரிக் கான், இப்ப சொல்லுறது தெருக் கான்.

இதிலே நான் பகிடி விடாத ஒரு இடம் இருக்கிறது. ஜக்கில் மட்டும் நிற்கிற காருக்குக் கீழே யாரும் போகக்கூடாது. ஒரு நிமிடத்துக்கும் கூடாது. காரோடு வருகிற ஜக் சில்லு மாற்றுவதற்கு மட்டும் செய்தது. அது வழுக்கினால் ஒரு தொன்னுக்கு மேல் பாரம் நெஞ்சில் இறங்கும். சரியான ஸ்ராண்ட் இரண்டு, பலமான சமதரை, மற்றப் பக்கச் சில்லுக்குக் கட்டை. இவை இல்லையென்றால் அந்த வேலையைக் கராஜில் கொடுங்கள், ஒயில் மாற்றுகிற காசு பெரிய காசல்ல. அதேபோல, பிறேக்கை மிதித்துக்கொண்டு அக்சிலரேட்டரையும் முழுதாக அமத்திக் கியர்பொக்ஸைச் சோதிக்கிற வித்தையைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். நல்லாயிருந்த கியர்பொக்ஸும் அதில் எரியும், கார் பாய்ந்தால் முன்னால் நிற்கிறவரும் தப்பமாட்டார்.

பனியில் புதைந்தால் ‘டி’, ‘ஆர்’, ‘டி’, ‘ஆர்’ என்று சில்லுச் சுற்றச் சுற்ற மாற்றி ஆட்டுகிறோமே, மொன்றியலில் கியர்பொக்ஸைக் கொல்லுகிற முதல் பழக்கம் அதுதான். சில்லு முழுதாக நின்ற பிறகு மாற்றுங்கள். அதைவிட ஒரு சவளும் கொஞ்ச மணலும் நல்லது. முன்சில்லு இழுக்கிற காரை இழுவை வண்டியில் போட்டால் முன்சில்லு உயர்ந்திருக்கவேண்டும், நாலு சில்லும் இழுக்கிற கார் என்றால் முழுக்காரும் வண்டிக்கு மேலே ஏறவேண்டும். எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஒயில் ஓடாது, இழுபட்டே எரிந்துவிடும்.

கடைசியாக, கராஜுக்குப் போகத்தான் வேண்டும் என்று முடிவானால். பிரெஞ்சு தெரியாது என்று கூச்சப்பட்டு, நீட்டுகிற இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறவர்கள் எங்களில் பலர். கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியது. சில்லறை வேலைகளைத் தவிர, திருத்த முதல் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். அது வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்து வைத்தால் ஒழிய, தரத்தான் வேண்டும். அப்படி எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். மதிப்பீடு செய்வதற்கே காசு என்றால் அதையும் முதலே சொல்லவேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் மதிப்பீட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. மதிப்பீடே தராதவர் காசுக்காகக் காரைப் பிடித்து வைத்திருக்கவும் முடியாது. வேலை கொடுக்கும்போதே “பழைய சாமான் எனக்குத் திருப்பி வேணும்” என்று சொல்லுங்கள். அதை ஈடாகக் கொடுத்து மாற்றுச் சாமான் எடுக்கிற இடத்தைத் தவிர, தரவேண்டியது அவர்கள் கடமை. செய்த வேலைக்கு மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துதோ அதுவரை சட்டப்படி உத்தரவாதம் உண்டு.

இவற்றைப் பற்றி விளக்கம் கேட்க மாகாண அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. பில் எட்மன்ஸ்ரன் 1960களின் கடைசியில் இதே மொன்றியலில் தொடங்கிய வாகனப் பாதுகாப்புச் சங்கம், ஏ.பி.ஏ. என்பார்கள், அதுவும் இருக்கிறது. பேசித் தீராவிட்டால் 15,000 டொலர் வரைக்குமான வழக்கைச் சிறுகோரல் நீதிமன்றில் வக்கீல் இல்லாமலே நீங்களே சொல்லலாம். அங்கே கேட்கிற முதற் சாமான் கடதாசி. மதிப்பீட்டையும் பில்லையும் காரின் லாச்சிக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கோ. கார் கராஜில் நிற்கேக்கை லாச்சியும் கராஜிலைதான் நிக்கும்.

கனநேரம் எடுத்துவிட்டேன், சாப்பாடு ஆறுது எண்டு செயலாளர் கை காட்டுகிறார். கோட் வாசிக்கிற கருவி என் பையில் இருக்கிறது, பழந்துணியும் இருக்கிறது. லைற் எரிகிற காரோடு வந்தவர்கள் சாப்பிட்டு முடிய வெளியே தரிப்பிடத்துக்கு வாருங்கள், ஒவ்வொன்றாய்ப் பார்ப்பம். எஞ்சினைச் சூடாக்கி வையுங்கோ.